அறுபது சைக்கிள் கடிகாரமும் ஐம்பது சைக்கிள் ஊரும்

சென்ற இதழில் நண்பர் எழுதியிருந்த கட்டுரைக்கு எதிர்வினை எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு வாரம் இருந்தேன். சென்னையில் ஒரு காப்பிக் கடையில் தாம் கண்ட பழைய ரேடியோவைப் பற்றிய மூன்று பக்கப் பரவசம் அது. இடது பக்கம் கடிகாரம், வலது பக்கம் டயல். 1950-களின் அமெரிக்க வால்வு செட். கடைக்காரர் உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பொருத்தியிருக்கிறார். கடிகாரத்தின் முகமும் முட்களும் பழையவை. பின்னால் இருப்பது பாட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் மெஷின். டயலுக்குப் பின்னால் மஞ்சளாக ஒரு எல்.இ.டி. இதில் நண்பர் கண்டது, ‘மரபின் உருவத்துக்குள் நவீனத்தின் உயிர்’. அதோடு நின்றிருந்தால் காப்பி நன்றாக இருந்திருக்கிறது போலும் என்று நானும் விட்டிருப்பேன். தமிழ்க் கவிதை போக வேண்டிய திசையையே அந்தப் பெட்டி காட்டுகிறது என்று முடித்திருக்கிறார். அதனால்தான் இது.

நண்பர் நல்ல கவிஞர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ரேடியோவைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது என்பதிலும் சந்தேகம் இல்லை. தெரியாமலிருப்பது குற்றமல்ல. தெரியாத ஒன்றை உவமையாக எடுத்துக்கொண்டு அதன் மேல் ஒரு கவிதைக் கொள்கையை ஏற்றி வைப்பதுதான் குற்றம். நம் விமர்சனத்தில் இது பழைய வியாதி. தச்சன், குயவன், நெசவாளி எல்லோரையும் உவமைக்குக் கூப்பிடுவோம். நம்மில் எவரும் ஒரு நாள் தறிக்குழியில் கால் இறக்கியிருக்க மாட்டோம்.

நான் பிழைப்புக்குத் திருத்தணியில் வங்கிக் குமாஸ்தா. படித்தது பி.ஏ. ஆங்கில இலக்கியம், அது எதற்கும் உதவவில்லை என்று சொன்னால் பொய், இந்தப் பத்திரிகையில் எழுத உதவுகிறது. எட்டு வருஷமாக மாலை நேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் வால்வு ரேடியோக்களைச் சரிசெய்து வருகிறேன். இந்த விவகாரத்தில் எனக்குப் புனிதம் ஏதுமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நண்பரின் காப்பிக் கடைக்காரர் செய்த அதே காரியத்தை அவருக்கு முன்பே நான் செய்திருக்கிறேன்.

என் தாத்தாவிடம் ஒரு மர்ஃபி இருந்தது. கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை செம்புக் கம்பி வலையில் ஒரு ஏரியல் கட்டியிருந்தார். தபாலாபீசில் வருஷாவருஷம் பணம் கட்டி முத்திரை வாங்கிய லைசென்ஸ் புத்தகம் இப்போதும் வீட்டில் இருக்கிறது. 1985-ல் அந்த லைசென்ஸ் முறையே போய்விட்டது. தாத்தா மெட்ராஸும் சிலோனும் வைப்பார். பாட்டிக்கு விஜயவாடா வேண்டும். திருத்தணி 1960 ஏப்ரல் முதல் தேதி வரை ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் இருந்த ஊர். எல்லைப் போராட்டம் நடந்து, சட்டம் வந்து, கோடு மாறியது. எங்கள் வீட்டு டயலில் முள் மட்டும் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருந்தது. இரவு ஒன்பது மணிக்கு மேல் யார் கை குமிழில் இருக்கிறது என்பதை வைத்து வீட்டில் அன்றைக்கு யார் ஜெயித்தார்கள் என்று தெரிந்துவிடும் என்பாள் அம்மா.

தாத்தா போன பிறகு அது பல வருஷம் பேசாமல் கிடந்தது. 2014-ல் எனக்கு வேலை கிடைத்தது. வீட்டுக்கு அழகாக ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. சேஸிஸைக் கழற்றினேன். ஒரு எஃப்.எம். போர்டு, யு.எஸ்.பி. சொருகும் ஓட்டை, சிறிய ஸ்பீக்கர் இரண்டு. டிரான்ஸ்ஃபார்மரைச் செம்புக்காகவும் மற்றதைத் தகரமாகவும் காயலான் கடையில் எடை போட்டு வாங்கிக்கொண்டார்கள். இ.சி.எச். 81, ஈ.எல். 84 என்று அந்த வால்வுகளின் பெயர்கள் பின்னால்தான் தெரிந்தன. எடைக்கல்லில் அவற்றுக்குப் பெயர் கிடையாது. மூன்று மாதத்தில் போர்டு செத்தது. அதைத் திறந்து பார்த்து ஏன் செத்தது என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை. திறந்து பார்க்கும்படியாக அது செய்யப்படவும் இல்லை. ஐம்பது வருஷம் ஒலித்த ஒன்றை எடுத்துவிட்டு மூன்று மாதப் பண்டத்தை வைத்தவன் நான். பெட்டி இன்னும் பரண் மேல் இருக்கிறது. வார்னிஷ் நன்றாகவே இருக்கிறது.

இதற்குப் பிராயச்சித்தம் என்று எதுவும் இல்லை. பிறகு கற்றுக்கொண்டேன், அவ்வளவுதான். பஜாரில் அந்தக் காலத்திலிருந்து ரேடியோ மெக்கானிக்காக இருந்த ஒரு பெரியவர், டி.வி. ரிப்பேரும் போய் செல்போன் கவர் விற்கும் நிலையில், எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அவரிடம் கற்ற முதல் பாடம் சீரீஸ் லாம்ப். பல வருஷம் தூங்கிய செட்டை நேரே கரண்டில் போடாதே. நடுவில் ஒரு அறுபது வாட் குண்டு பல்பை வை. பல்பு பளீரென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். மங்கி நின்றால் மேலே பேசலாம். இரண்டாவது, காகிதக் கண்டென்சர்களை நம்பாதே. மெழுகும் காகிதமும் ஈரம் இழுத்துக் கசிய ஆரம்பித்திருக்கும். அதிலும் முதல் ஆடியோ வால்விலிருந்து அவுட்புட் வால்வுக்குப் போகும் ஒரு கண்டென்சர், அது கசிந்தால் அவுட்புட் வால்வின் கிரிட்டுக்குப் பாஸிட்டிவ் வோல்டேஜ் ஏறி, வால்வு சக்திக்கு மீறி இழுத்து, தானும் கருகி டிரான்ஸ்ஃபார்மரையும் கருக்கும். ஒரு சின்னக் கசிவு, முழுச் செட்டும் போச்சு. ஆகவே மாற்றத்தான் வேண்டும். மாற்றாமல் காப்பாற்ற முடியாது. இதை நண்பர் எனக்கு எதிராகப் பயன்படுத்துமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான்கு வருஷத்துக்கு முன் அரக்கோணத்தில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது எனக்கு ஒரு கடிகார ரேடியோ கிடைத்தது. நண்பர் கண்டதன் தமையன் என்று சொல்லலாம். ஜெனரல் எலெக்ட்ரிக், பிளாஸ்டிக் உடம்பு, டெலிக்ரான் கடிகாரம். எப்படி அரக்கோணத்துக்கு வந்தது என்று விற்றவருக்குத் தெரியவில்லை. இங்கே செய்த வால்வு செட்டுகளில் கடிகாரம் வைத்த ஒன்றை நான் பார்த்ததே இல்லை. கரண்டு தினம் போகிற ஊரில் கரண்டில் ஓடும் கடிகாரத்தை யார் வாங்குவார்கள்? சாவி கொடுக்கும் கடிகாரமே நமக்குக் கைகொடுத்தது.

என் செட்டின் டயலில் 55, 60, 70 என்று 160 வரை எண்கள். ஊர்ப் பெயர் ஒன்றுகூட இல்லை. ஆனால் இரண்டு இடங்களில் பொடி முக்கோணங்கள்: 640 கிலோஹெர்ட்ஸில் ஒன்று, 1240-ல் ஒன்று. அவை என்ன என்று தேடித் தெரிந்துகொண்டபோது கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டேன். சோவியத் விமானங்கள் குண்டு போட வந்தால் அமெரிக்காவின் மற்ற நிலையங்கள் வாய் மூடிக்கொள்ள, இந்த இரண்டு இடங்களில் மட்டும் அறிவிப்பு வரும். எதிரி விமானம் வானொலி அலையைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கண்டுபிடித்துவிடாமலிருக்க இந்த ஏற்பாடு. 1953 முதல் 1963 வரை அங்கே விற்ற செட்டுகளில் இந்த முக்கோணம் இருக்கும். ஆக, என் செட்டுக்குப் பிறந்த வருஷத்தை அந்த முக்கோணமே சொல்லிவிடுகிறது. இங்கே செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கியது 1959-ல். இரண்டும் ஒரே காலத்துப் பண்டங்கள். ஒரு கண்டத்தின் பயம் இரண்டு முக்கோணங்களாகச் சுருங்கி ஒரு படுக்கையறை மேஜையில் உட்கார்ந்திருந்தது. காப்பிக் கடைச் செட்டிலும் அது இருந்திருக்கலாம். நண்பர் டயலின் ‘தங்க ஒளி’யை வர்ணித்திருக்கிறார், டயலைப் படிக்கவில்லை.

உள்ளே ஐந்து வால்வுகள். இந்த ரகத்துக்கு மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. வால்வுகளின் இழைகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் கோத்திருப்பார்கள்: பன்னிரண்டு வோல்ட் மூன்று, ஐம்பது ஒன்று, முப்பத்தைந்து ஒன்று, கூட்டினால் அவர்கள் வீட்டு மின்சாரத்தின் அளவு வந்துவிடும். கிருத்திகைக்கு மலைக்கோயிலில் போடும் சீரியல் செட்டைப் போல, ஒன்று போனால் எல்லாம் அணையும். செலவைக் குறைக்கக் கண்டுபிடித்த தந்திரம். அதற்கு விலை, சேஸிஸே மின்சாரத்தின் ஒரு முனையோடு சேர்ந்திருக்கும்; பிளக்கை மாற்றிச் சொருகினால் தகட்டைத் தொட்டவன் பாடு அதோகதி. நான் ஒருமுறை தொட்டேன். தோள்வரை இழுத்தது. அதற்குப் பிறகு சென்னை ரிச்சி தெருவில் ஒரு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினேன், 230-ஐ 115 ஆக்குவது. ரேடியோ பாகம் ஒரு மாதத்தில் சரியாயிற்று. இரைச்சலுக்கு அடியில், 70-க்கும் 80-க்கும் நடுவில், 720 கிலோஹெர்ட்ஸில் சென்னையைப் பிடித்தேன்.

இரைச்சல் என்றேன். அது நம் காலத்தின் கொடை. எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், பக்கத்து வீட்டு இன்வெர்ட்டர் ஒவ்வொன்றும் மத்திய அலையில் தன் பங்குக்குக் கரகரக்கிறது. ஊரில் கரண்டு போனால் இரைச்சல் போகும், செட்டும் போய்விடும். நண்பர் பரவசப்பட்ட அந்த மஞ்சள் எல்.இ.டி.யை ஒரு நிஜமான வால்வு செட்டின் டயலுக்குப் பின்னால் வைத்திருந்தால், அதன் சப்ளையே அந்தச் செட்டைச் செவிடாக்கியிருக்கக் கூடும். நல்லவேளை, அங்கே கேட்பதற்கு எதுவும் மீதம் இல்லை.

கடிகாரம்தான் என்னைத் திணற அடித்தது. ஓடியது, அழகாக ஓடியது, சத்தமே இல்லாமல். சரியாக ஒரு மணிக்கு வைத்துவிட்டுப் போய் இரண்டு மணிக்கு வந்து பார்த்தால் ஒன்று ஐம்பது. எண்ணெய் காய்ந்திருக்கும் என்று ரோட்டரைச் சூடாக்கி எண்ணெயில் ஆறவிட்டு ஊறவைத்தேன். மறுபடியும் ஒன்று ஐம்பது. ஒரு வினாடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மெக்கானிக் பெரியவர் பின்பக்கத் தகட்டைத் திருப்பிப் பார்த்தார். 115 வோல்ட், 60 சைக்கிள், ஏ.சி. மட்டும்.

“கரண்டே வேற தம்பி. கடியாரம் என்னா பண்ணும்?” என்றார்.

நம் மின்சாரம் 50 சைக்கிள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், சைக்கிளைத் தொடாது. இந்தக் கடிகாரத்தில் ஊசலும் இல்லை, முடிச்சுருளும் இல்லை. கம்பியில் வருகிற மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னும் போகிறதோ அந்த எண்ணிக்கையில் மோட்டார் சுற்றுகிறது, பல்சக்கரங்கள் அதைக் குறைத்து முட்களுக்குத் தருகின்றன. அறுபதுக்குச் செய்த சக்கரத்துக்கு ஐம்பது கொடுத்தால் ஒரு மணிக்குப் பத்து நிமிஷம், ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் பின்தங்கும். பன்னிரண்டு மணி முகத்தில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் அது சரியான நேரம் காட்டும். அதைவிட நின்றுபோன கடிகாரம் மேல். தினம் இரண்டு முறை சரியாக இருக்கும்.

இங்கேதான் என் நண்பரின் கட்சிக்காரர்கள், அதாவது குவார்ட்ஸ் கட்சி, உடனே கத்தரிக்கோலை எடுப்பார்கள். ‘வெளிநாட்டு மெஷின், நம் மண்ணுக்கு ஒத்துவராது, பிடுங்கி எறி, முகத்தை மட்டும் வைத்துக்கொள்.’ சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் நவீன கவிதைக்கு எதிராக 1960-களிலிருந்து இங்கே சொல்லப்பட்டு வருவது இந்த வாதமேதான். அவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தக் கடிகாரம் தப்பு செய்யவில்லை. தனக்கு வந்ததை ஒரு சைக்கிள்கூட விடாமல் எண்ணியது. அதற்குள் காலம் என்று எதுவும் கிடையாது. காலம் கம்பியில் வருகிறது. அது ஒரு வாங்கி, பக்கத்தில் இருக்கும் ரேடியோ எப்படியோ அப்படியே. ரேடியோ வானத்திலிருந்து வாங்குகிறது, கடிகாரம் மின்நிலையத்திலிருந்து வாங்குகிறது. இரண்டு வாங்கிகளை ஒரு பெட்டியில் வைத்தார்கள், அதுதான் அந்தப் பண்டத்தின் சாரம்.

இந்தக் கடிகாரத்தின் சரித்திரமும் இதையே சொல்கிறது. ஹென்றி வாரன் என்ற அமெரிக்கர் மின்னோட்டத்தை எண்ணி ஓடும் கடிகாரத்தைச் செய்தபோது அது ஊர் நேரத்தோடு ஒத்துப்போகவில்லை. மின்நிலையத்தின் சைக்கிளே நிலையாக இல்லை. 1916-ல் பாஸ்டன் மின் கம்பெனியின் நிலையத்தில் ஒரு தலைமைக் கடிகாரத்தை வைக்கச் செய்தார். ஒரு முள் ஊசல் கடிகாரத்தினுடையது, இன்னொன்று நிலையத்தின் மின்னோட்டத்தால் ஓடுவது. இரண்டும் சேர்ந்து போகும்படி ஜெனரேட்டரை ஓட்டுங்கள் என்றார். கடிகாரத்தைத் திருத்த ஊரின் மின்சாரத்தைத் திருத்தினான் மனுஷன்.

நம் பக்கம் நிலைமை எப்படி? தெற்கத்திய மின் தொகுப்பு பல வருஷம் தனியாக ஓடியது. தேவைக்கு உற்பத்தி போதாத காலங்களில் சைக்கிள் 50-க்குக் கீழே இறங்கிக் கிடக்கும். 48.5 என்று வைத்துக்கொண்டால், அப்படிப்பட்ட நாளில் நம் நாட்டுக்கென்றே செய்த ஒத்தியங்கு கடிகாரம்கூட நாற்பத்து மூன்று நிமிஷம் பின்தங்கியிருக்கும். 2003-ல் இங்கே வந்த புதிய கட்டண முறை, சைக்கிள் இறங்கியிருக்கும்போது ஒப்புக்கொண்டதற்கு மேல் மின்சாரம் இழுக்கும் வாரியத்துக்கு அபராதம் போட்டு, ஓரளவு ஒழுங்கு கொண்டுவந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் கம்பி வழியாகத் தெற்கு மற்ற இந்தியாவோடு ஒரே லயத்தில் இணைக்கப்பட்டது. அன்று இரவு இங்கே திருத்தணியில் படித் திருவிழா. 365 படிக்கும் கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டு ஏறினார்கள். வெள்ளைக்கார துரைகளுக்குப் புத்தாண்டு சலாம் போடப் போகிற ஜனங்களை முதலில் முருகனுக்குப் போடுங்கள் என்று வள்ளிமலை சுவாமிகள் 1917-ல் தொடங்கிவைத்த திருவிழா அது. அவர் ஆங்கில நாட்காட்டியைக் கிழித்துப் போடவில்லை. அந்த நாளை வைத்துக்கொண்டே அதைத் தமிழ்ப் படியில் ஏற்றினார். இதை ஒரு பக்தனாகச் சொல்லவில்லை. உருவம் உள்ளடக்கம் என்று பேசுகிறவர்கள் இந்த ஊருக்கு ஒருமுறை வந்து பார்க்கலாம் என்கிறேன்.

ஆக, காப்பிக் கடைப் பெட்டியில் நடந்தது என்ன? உயிர் கொடுத்தது அல்ல. இரண்டு காதுகளையும் அறுத்தது. குவார்ட்ஸ் தன் கல்லைத் தவிர வெளியே எதையும் கேட்காது. ப்ளூடூத் ஸ்பீக்கர் கடைக்காரர் தம் செல்போனில் முன்பே தேர்ந்தெடுத்து வைத்ததைத்தான் பாடும். அவருக்குத் தெரியாத குரல் ஒன்று, கேட்க விரும்பாத மொழி ஒன்று, பாட்டியின் விஜயவாடாபோல எல்லைக்கு அப்பாலிருந்து, இரைச்சலோடு, மழை நாளில் தேய்ந்து, அந்தப் பெட்டிக்குள் வர வழியே இல்லை. நம் கவிதை இப்படி ஆக வேண்டும் என்பதா நண்பரின் யோசனை? தனக்குப் பிடித்ததைத் தானே ஒலிக்கும் பெட்டி, மேலே பழைய மரம், பளபளவென்று வார்னிஷ். அவர் யோசனை சொல்லத் தேவையே இல்லை. அப்படிப்பட்ட தொகுப்புகள் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கின்றன.

எதிர்முனையில் இன்னொரு கட்சி இருக்கிறது. அவர்களோடு எனக்குச் சகவாசம் அதிகம், ஆகவே கோபமும் அதிகம். கேட்டால் சுத்த மீட்பாளர்கள் என்பார்கள். பழைய காகிதக் கண்டென்சரைக் கழற்றி, மெழுகை உருக்கி உள்ளே இருப்பதை உருவி, புதிய சின்னக் கண்டென்சரை அந்தக் கூட்டுக்குள் செருகி மறுபடி மெழுகு ஊற்றி மூடுவார்கள். திறந்து பார்த்தால் 1955-ல் இருந்தபடியே இருக்கும். கை வேலை பிரமாதம், நானும் வாயைப் பிளந்து பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்கு அது கள்ளக் கையெழுத்தாகப் படுகிறது. வங்கியில் சேர்ந்தவுடன் மூத்தவர்கள் சொல்லிக் கொடுத்தது: பதிவேட்டில் தொகை தப்பாகிவிட்டால் சுரண்டாதே, வெள்ளை பூசாதே. குறுக்கே ஒரு கோடு, பழைய எண் தெரிய வேண்டும். மேலே சரியான எண், பக்கத்தில் உன் சுருக்கொப்பம். சாமிநாதையர் தம் பதிப்புகளில் பாடபேதங்களை அடிக்குறிப்பில் கொடுத்ததும் இந்த நேர்மைதான். நான் மாற்றும் கண்டென்சர்கள் மஞ்சள் நிற பாலியெஸ்டர். கூசாமல் தெரியும். கழற்றியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, எந்த இடத்தில் எது இருந்தது, என்ன மதிப்பு, என்றைக்கு மாற்றினேன் என்று எழுதி பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். எனக்குப் பின்னால் திறப்பவன் என்னைத் திட்டுவதற்கு அவனுக்கு ஆதாரம் வேண்டும்.

இந்தக் கட்சியார் அறுபது சைக்கிள் கடிகாரத்தை என்ன செய்கிறார்கள்? ஒன்றும் செய்வதில்லை. அது காட்டும் தப்பு நேரத்தை ‘அசல்’ என்கிறார்கள். நம் மேற்கத்திய விமர்சன விற்பன்னர்களையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம், என் பி.ஏ. ஆங்கிலம் என்னையும் சில வருஷம் அங்கே உட்கார வைத்திருந்தது. மெஷின் சரி, ஊர் மின்சாரம்தான் மட்டம் என்று மூக்கைச் சுளித்துக்கொண்டு, ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் பின்தங்குவது.

முதலில் நான் செய்ததும் சரியில்லை. டிப்ளமோ படித்த ஒரு பையன் உதவியோடு ஒரு சின்னப் பெட்டி கட்டினேன். ஒரு கிரிஸ்டல், அதை வகுத்து அறுபது சைக்கிள், ஒரு ஆம்ப்ளிஃபையர், தலைகீழாகப் போட்ட டிரான்ஸ்ஃபார்மர். மோட்டாருக்கு இரண்டு மூன்று வாட் போதும். கடிகாரம் சுத்தமாக நேரம் காட்டியது. ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன். ஒரு ராத்திரி புரிந்தது: அந்தக் கிரிஸ்டலும் குவார்ட்ஸ்தான். காப்பிக் கடைக்காரர் கடிகாரத்துக்குள் வைத்ததை நான் வெளியே ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன். செவிடு செவிடுதான். நண்பரைத் திட்ட எனக்கு அருகதை இல்லாமல் போன இரவு அது.

பையனிடம் சொன்னபோது முதலில் அவனுக்குப் புரியவில்லை. “சார், டைம் கரெக்டா காட்டுதே, அப்புறம் என்ன?” என்றான். பிறகு அவனேதான் வழி சொன்னான். ஊரின் ஐம்பதை வாங்கு. அதைப் பின்தொடரும் ஒரு ஆஸிலேட்டரை முந்நூறில் ஓடவிடு. அதன் ஆறில் ஒரு பங்கு எப்போதும் ஊரின் ஐம்பதோடு ஒத்துப்போகும்படி பூட்டிவிடு. அந்த முந்நூறை ஐந்தால் வகு. அறுபது வரும். ஊர் 49.9-க்கு இறங்கினால் இதுவும் அதே விகிதத்தில் இறங்கும். 4046 என்ற சில்லும் சில வகுப்பான்களும், சில்லறைக் காசுக்குக் கிடைப்பவை. ஆறால் பெருக்கி ஐந்தால் வகுப்பது, இவ்வளவுதான் நடுவில் தேவைப்பட்ட மொழிபெயர்ப்பு. முதல் நாலு தடவை பூட்டு நிற்கவில்லை. மோட்டார் உறுமியதே தவிரச் சுற்றவில்லை. ஐந்தாவது தடவை சுற்றியது. செட்டுக்குள் ஒரு கம்பியைக்கூட மாற்றவில்லை. பெட்டி வெளியே, கண்ணுக்குத் தெரியும்படி, பின்னால் ஒரு தாளில் என்ன செய்திருக்கிறோம் என்ற குறிப்போடு இருக்கிறது.

இப்போது அது ஊர் நேரத்தோடு சில வினாடிகள் முன்னும் பின்னும் போகிறது. மின்சாரம் போனால் நின்றுவிடுகிறது. அம்மா அதன் முட்களைத் திருப்பி வைப்பாள். தினம் காலை ஐந்தரைக்குக் கடிகாரத்தின் தொடுமுனை சேர்கிறது, வால்வுகள் சூடாக அரை நிமிஷம், பிறகு இரைச்சல், அதற்குள்ளிருந்து ஏதாவது ஒரு குரல். சில நாள் தெலுங்கு.

காப்பிக் கடைக்காரர் கழற்றிய சேஸிஸையும் கடிகார மோட்டாரையும் எறிந்துவிட்டாரா, எங்காவது மூட்டையில் கிடக்கிறதா என்று நண்பர் விசாரித்துச் சொன்னால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். டெலிக்ரான் ரோட்டர் உடைந்திருந்தாலும் பரவாயில்லை. மர்ஃபி மர டேபிள் செட் ஒன்றின் சேஸிஸும் எனக்கு வேண்டும், பெட்டி இல்லாமல். பெட்டி என்னிடம் இருக்கிறது. இதழின் முகவரிக்கு எழுதலாம்.